ஹெலிகாப்டருக்குப் பிறகு முதல் ஆர்.சி. (ரேடியோ கண்ட்ரோல்) விமானம்: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெலி நன்றாக ஓட்டுவேன். விமானம் அதைவிடச் சுலபம்தானே?

பாதி சரி. மூக்கு நம்மைப் பார்த்து வரும்போது இடது வலது மாறிப்போகும் குழப்பம்தான் விமானம் கற்பவர்களை அதிகம் படுத்துவது. கலெக்டிவ் பிட்ச் (ரோட்டார் இறக்கையின் கோணத்தை மாற்றி ஏறி இறங்கும்) ஹெலியை மூக்கு நம் பக்கம் திரும்பிய நிலையில் நிறுத்திப் பிடிக்கத் தெரிந்தவருக்கு அந்தப் பாடம் முடிந்துவிட்டது. ஸ்டிக்கை மென்மையாக நகர்த்தும் கையும் ஏற்கெனவே பழகியிருக்கும்.

இடைஞ்சல் வேறொரு பழக்கத்திலிருந்து வரும். ஹெலியில் குழப்பம் வந்தால் ஹெலியைச் சாய்க்கும் ஸ்டிக்கான சைக்ளிக்கைப் பின்னால் இழுத்து, வேகத்தைக் கொன்று, அந்தரத்தில் நிறுத்தி யோசிக்கலாம். விமானத்தில் அதே விரல், மூக்கை ஏற்றி இறக்கும் வால்பலகையான எலிவேட்டரை இழுக்கும். மூக்கு தூக்கும், வேகம் விழும், இறக்கை காற்றைப் பிடிக்க முடியாமல் ஸ்டால் ஆகும், ஒரு பக்கம் கவிழ்ந்து இறங்கும். ஹெலிக்காரர்களின் முதல் விமானம் பெரும்பாலும் இப்படித்தான் உடைகிறது. அதனால் இந்த ‘நிறுத்தும் கை’யின் தப்பை எது அதிகம் பொறுத்துக்கொள்ளும் என்று பார்த்துத்தான் முதல் விமானத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரே தண்டில் இரண்டு ரோட்டார் சுற்றும் கோஆக்சியல் பொம்மை ஹெலி மட்டும் ஓட்டியிருந்தால் மேலே சொன்ன சலுகை கிடையாது. முழுப் புதியவராகவே தொடங்குங்கள்.

அப்படியானால் எந்த வகை வாங்குவது?

இறக்கை உடலுக்கு மேலே இருக்கும் ஹை-விங் ட்ரெய்னர். ஏலரான் (இறக்கையில், பக்கம் சாய்ப்பது), எலிவேட்டர், ரட்டர் (வாலில், மூக்கை இடம் வலம் திருப்புவது), த்ராட்டில் (மோட்டார் வேகம்) என நான்கு சேனல். இறக்கை நீளம் 1200 முதல் 1500 மி.மீ. ஈ.பி.ஓ என்ற நெகிழும் ஃபோமில் உடல். பறக்கத் தயாரான எடை 1 முதல் 1.4 கிலோ. சக்கரம் 70 மி.மீ விட்டத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். நம் பக்கப் பொட்டலில் சின்னச் சக்கரம் முதல் கல்லிலேயே மாட்டி விமானத்தைக் குப்புறத் தள்ளும். மல்டிப்ளெக்ஸ் ஃபன்கப், ஈ-ஃப்ளைட் அப்ரெண்டிஸ் போன்றவை இந்த வடிவத்துக்கு உதாரணம். அதே பெயர்தான் வேண்டும் என்பதில்லை, அளவும் எடையும் ஒத்துவந்தால் போதும்.

800 மி.மீக்குக் குறைந்தவை படத்தில் அழகாக இருக்கும், அட்டைப்பெட்டியும் சின்னது. காற்று கொஞ்சம் வந்தால் தத்தளிக்கும், 100 மீட்டர் தள்ளிப் போனால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதே தெரியாது.

இணையத்தில் பார்க்கும் விமானம் மெதுவாகப் பறக்குமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விளம்பர வாசகத்தை விடுங்கள், கணக்குப் போடுங்கள். எடையைக் கிராமில் எடுத்து, இறக்கைப் பரப்பைச் சதுர டெசிமீட்டரில் எடுத்து வகுக்க வேண்டும். இறக்கை 1400 மி.மீ நீளம், 220 மி.மீ அகலம் என்றால் 14 × 2.2 = 30.8. எடை 1150 கிராம் என்றால் ஒரு சதுர டெசிமீட்டருக்குச் சுமார் 37 கிராம். முதல் விமானத்துக்கு 40க்குள் இருப்பது நல்லது. 60ஐத் தாண்டினால் இப்போது வேண்டாம்.

இந்த 37 கிராம் சுமைக்கு ஸ்டால் வேகம் ஏறத்தாழ மணிக்கு 26 கி.மீ வரும். இது நேராகப் பறக்கும்போது. 60 பாகை சாய்த்து, உயரம் குறையாமல் திருப்பினால் இறக்கை இரண்டு மடங்கு எடையைத் தாங்க வேண்டும்; ஸ்டால் வேகம் 37 கி.மீக்கு ஏறிவிடும். திருப்பத்தில் விமானம் ‘காரணமே இல்லாமல்’ விழுந்தது என்பார்களே, காரணம் இதுதான்.

மூன்று சேனல் க்ளைடர் போதாதா?

ஓடும், ஆனால் உங்களுக்கு வேண்டாம். ரட்டரை வைத்துத் திருப்பும் விமானத்தில் உங்கள் வலது கை பழகிய சைக்ளிக் பழக்கம் வீணாகப் போகும். நான்கு சேனலில் ஏலரான் அதே ஸ்டிக்கில், அதே திசையில் இருக்கும்.

நேராக ஒரு போர் விமானம், ஜெட், அல்லது 3டி விமானம்?

போர் விமான மாதிரிகளுக்கு இறக்கைச் சுமை அதிகம். மெதுவாக வந்தால் ஒரு இறக்கை சட்டென்று விழும். குழலுக்குள் விசிறி சுற்றும் டக்டட் ஃபேன் ஜெட்டுக்கு நீளமான, வழவழப்பான தரை வேண்டும். காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் அதற்கு எங்கே போவது? 3டி ஃபோம் விமானம் ஹெலிக்காரருக்கு உண்மையிலேயே பிடிக்கும், மூக்கை வானத்துக்குக் காட்டி அந்தரத்தில் தொங்கும். அதை இரண்டாவதாக வாங்குங்கள். அது விட்ட இடத்தில் நிற்கும், தானாக நேராகாது.

ஹெலி சாமான்களில் எவை பயன்படும்?

டிரான்ஸ்மிட்டர் கட்டாயம் பயன்படும். ஆறு சேனல் இருந்தால் தாராளம்.

450 வகுப்பு ஹெலியின் 3எஸ் (மூன்று செல்) 2200 எம்.ஏ.எச் லிப்போ பேட்டரி அப்படியே பொருந்தும், 1.2 கிலோ ட்ரெய்னருக்குச் சரியான அளவு. ஹெலியில் ஐந்தாறு நிமிடம் ஓடும் அதே பேட்டரி, சராசரி 10 ஆம்பியர் இழுக்கும் விமானத்தில் 80 சதவீதம் வரை பயன்படுத்தினால் பத்து நிமிடம் தரும். 6எஸ் பேக் வைத்திருப்பவர்கள் அதை மறந்துவிடுங்கள். ஹெலியில் அடிவாங்கி உப்பிய பேக்கை ‘விமானம்தானே’ என்று போடவும் கூடாது. பறக்கும்போது மின்னழுத்தம் விழுந்தால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியான ஈ.எஸ்.சி மோட்டாரை நிறுத்தும். சேமிக்கும்போது ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட். சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கும் ஊரில் பேட்டரிப் பாடம் நீட்ட வேண்டாம், ஆனால் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் லிப்போவை விட்டுப் போகாதீர்கள். ஈ.பி.ஓ ஃபோமும் அதே காரில் கொப்புளம் கட்டும், இறக்கை முறுக்கிக்கொள்ளும்.

மோட்டார் பயன்படாது. 450 ஹெலி மோட்டார் சுமார் 3500 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் அத்தனை சுற்று), 11.1 வோல்ட்டில் சுமையின்றி நிமிடத்துக்கு 38,000 சுற்றுக்கு மேல். ஹெலியில் அதைப் பற்சக்கரம் மூவாயிரத்துச் சொச்சமாகக் குறைக்கிறது. விமானத்தில் ப்ரொப்பெல்லர் நேரே மோட்டாரில் உட்காரும், அதனால் 900 முதல் 1100 கேவி அவுட்ரன்னர் (வெளிக்கூடு சுற்றும் மோட்டார்), 10×5 அளவு ப்ராப், 30 முதல் 40 ஆம்பியர் ஈ.எஸ்.சி வேண்டும். கிலோவுக்கு 200 வாட் என்று கணக்கு வைத்தால் 1.2 கிலோவுக்கு 240 வாட். 3எஸ்ஸில் அது சுமார் 22 ஆம்பியர்.

ஹெலி ஈ.எஸ்.சியில் ஒரு கண்ணி இருக்கிறது. கவர்னரும் (சுற்றை ஒரே அளவில் வைப்பது) சாஃப்ட் ஸ்டார்ட்டும் (மெல்லத் தொடங்குவது) போட்டே வைத்திருப்பீர்கள். இறங்கும்போது த்ராட்டிலை மூடிவிட்டு, சரியில்லை என்று மறுபடி ஏற்றினால் மோட்டார் நிதானமாகப் பல விநாடி எடுத்துக்கொண்டு எழும். அதற்குள் விமானம் கருவேலங்காட்டுக்குள் போய்விடும். ஃபிக்ஸ்ட் விங் மோட் இருந்தால் அதற்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் விமானத்துக்கென்று தனி ஈ.எஸ்.சி.

பலகைகளை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவில் இரண்டு எச்சரிக்கை. 760 மைக்ரோ விநாடி துடிப்பில் ஓடும் வால் சர்வோவைச் சாதாரண ரிசீவரில் சொருகினால் ஒரு ஓரத்துக்கு முட்டிக்கொண்டு நின்று சூடாகிக் கெட்டுப்போகும். ஹெலியில் சர்வோவுக்கு மின்சாரம் தரும் பி.ஈ.சியை 7.4 வோல்ட்டில் வைத்திருந்தால், விமானத்தின் 9 கிராம் சர்வோக்களைச் சொருகும் முன் 5 வோல்ட்டுக்குக் குறையுங்கள். அவற்றில் பெரும்பாலானவை 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

சாட்டிலைட் ரிசீவரோடு ஃப்ளைபார்லெஸ் யூனிட் (ஹெலியை நிலைப்படுத்தும் மின்னணுப் பெட்டி) வைத்திருந்தவர்கள் சர்வோ சொருகும் முனைகள் உள்ள முழு ரிசீவர் வாங்க வேண்டும்.

டிரான்ஸ்மிட்டரில் என்ன மாற்ற வேண்டும்?

ஹெலி மாடலை நகல் எடுத்துத் திருத்தாதீர்கள். புதிய மாடல் நினைவகம் திறந்து, வகையை ஏர்ப்ளேன் என்று வையுங்கள். நகலில் ஐடில்-அப் வளைவு ஒளிந்திருக்கும். அந்தச் சுவிட்சைத் தெரியாமல் தட்டினால் ஸ்டிக் கீழே இருக்கும்போதே மோட்டார் முழு வேகத்தில் எழும். ஹெலியில் எட்ட நின்று பழகியவர், விமானத்தில் ப்ராப்புக்கு நேர் எதிரே உட்கார்ந்து பேட்டரி மாட்டிக்கொண்டிருப்பார்.

த்ராட்டில் வளைவு 0 முதல் 100 வரை நேர்கோடு. த்ராட்டில் ஹோல்டுக்குப் பயன்படுத்திய அதே சுவிட்சில் த்ராட்டில் கட் (மோட்டாரை அடியோடு நிறுத்துவது) வையுங்கள். விரலுக்கு இடம் தெரியும். ஃபெயில்சேஃபில் (சிக்னல் அறுந்தால் ரிசீவர் எடுக்கும் நிலை) த்ராட்டில் பூஜ்யம். பிறகு ப்ராப்பைக் கழற்றிவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்து மோட்டார் நிற்கிறதா என்று பாருங்கள்.

அசைவு அளவு: ஏலரானும் எலிவேட்டரும் மேலும் கீழும் 10 முதல் 12 மி.மீ, ரட்டர் 20 மி.மீ. எக்ஸ்போ 25 முதல் 30 சதவீதம். நடுவில் மென்மையாக்கும் எக்ஸ்போ சில பிராண்டில் கூட்டல் குறி, சிலவற்றில் கழித்தல் குறி. திரையில் வளைவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். தலைகீழாக வைத்தால் விமானம் தொட்டாலே துள்ளும்.

திசை: பின்னால் நின்று பார்க்கும்போது வலது ஸ்டிக் கொடுத்தால் வலது ஏலரான் மேலே ஏற வேண்டும். எலிவேட்டரை இழுத்தால் வால்பலகை மேலே. மோட்டார் பின்புறமாகச் சுற்றினால் மூன்று வயரில் எந்த இரண்டையாவது மாற்றிச் சொருகுங்கள். ப்ராப்பில் எழுத்துள்ள பக்கம் விமானம் போகும் திசையைப் பார்க்க வேண்டும். தப்பாக மாட்டினாலும் காற்று வரும், ஆனால் இழுவை குறைந்து எழும்பாது.

கைரோ (சாய்வை உணர்ந்து தானே திருத்தும் கருவி) வேண்டுமா?

காற்றடியைச் சமாளிக்கும் ரேட் மோட் இருந்தால் நல்லது. ஸ்டிக்கை விட்டதும் தானே நேராக்கும் மோட் உங்களுக்குத் தேவையில்லை, அது போட்டால் திருப்பம் கற்கவே மாட்டீர்கள். பறக்கும் முன் திசை பார்ப்பது கட்டாயம்: வலது இறக்கையைக் கையால் சட்டென்று தாழ்த்தினால் வலது ஏலரான் கீழே இறங்க வேண்டும், மூக்கைத் தாழ்த்தினால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். தலைகீழாக இருந்தால் கைரோவே விமானத்தைக் கவிழ்த்துவிடும். ஹெலியின், திசையை மாறாமல் பிடிக்கும் ஹெடிங் ஹோல்டு வால் கைரோவைக் கழற்றி ரட்டரில் மாட்டும் யோசனை சிலருக்கு வரும். வேண்டாம்; திரும்ப நினைக்கும் ஒவ்வொரு முறையும் அது உங்களோடு சண்டை போடும்.

முழுதாக வாங்குவதா, செய்வதா?

2022 பிப்ரவரியில் ட்ரோன்களை முழுதாகவோ பிரித்த நிலையிலோ இறக்குமதி செய்யத் தடை வந்தது; உதிரி பாகங்களுக்கு அல்ல. வெளிநாட்டிலிருந்து முழு விமானப் பெட்டி வரவழைத்தால் சுங்கத்தில் சிக்க வாய்ப்பு உண்டு. உள்நாட்டுக் கடையில் இருப்பதை வாங்குவது நிம்மதி.

ஹெலி கட்டிய கைக்கு ஃபோம் போர்டில் விமானம் செய்வது இரண்டு வார மாலை வேலை. ஐந்து மி.மீ ஃபோம் போர்டு, ஹாட் க்ளூ, பார்பெக்யூ குச்சி, மோட்டார் தாங்க மூன்று மி.மீ பிளைவுட் போதும். பேனர் கடையில் ‘சன்போர்டு’ என்று தருவது வேறு, அது கனமான பி.வி.சி, பறக்காது. பசை விஷயத்தில் கவனம்: ஈ.பி.ஓவுக்கு ஃபெவிக்விக் பிடிக்கும், தெர்மாகோலையும் டெப்ரான் ஃபோமையும் அது கரைத்துக் குழி பறிக்கும். அவற்றுக்கு ஃபெவிகால் அல்லது அரால்டைட். ஸ்ப்ரே பெயின்ட்டும் தெர்மாகோலைத் தின்னும்.

ஹெலியை வீட்டு மொட்டை மாடியில் ஏற்றி இறக்கிவிடுவேன். விமானத்துக்கு எவ்வளவு இடம்?

ஓடுதரை 50 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அதைச் சுற்றி 200க்கு 150 மீட்டர் ஆளும் கம்பியும் இல்லாத வெளி. மணிக்கு 45 கி.மீ வேகத்தில் விமானம் 100 மீட்டரை எட்டு விநாடியில் கடக்கும். 30 பாகை சாய்த்துத் திரும்பினால் வட்டத்தின் குறுக்களவு 55 மீட்டர் வரும். பனைமரத்துக்கு முன்னால் ஹெலி மாதிரி நிற்க முடியாது என்பதை வைத்து எல்லை போடுங்கள்.

இங்கே கிடைக்கும் இடங்களில் நல்லது வற்றிய கண்மாயின் உட்பரப்பும், மஞ்சுவிரட்டு நடக்கும் பொட்டல்களும். பொட்டல் தை மாதக் கூட்டம் போனபின் பெரும்பாலும் காலி. கண்மாயில் களிமண் வெடிப்பில் சக்கரம் இறங்கும், வெட்டிய சீமைக் கருவேலத்தின் கட்டைகள் தரையோடு தரையாக நிற்கும். முதலில் ஒருமுறை நடந்து பாருங்கள். ஆடு மேய்ப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ஆடுகள் ப்ராப் சத்தத்துக்குச் சிதறும். ஊருணிக்கரை, கோயில் திடல், பல்கலைக்கழக வளாகம் வேண்டாம். செட்டிநாட்டில் கிடக்கும் உலகப் போர்க்கால ஓடுதளம் கண்ணை இழுக்கும். அரசு நிலம், அனுமதியின்றி நுழையக் கூடாது.

சட்டப்படி என்ன பார்க்க வேண்டும்?

ட்ரோன் விதிகள் 2021. பொழுதுபோக்குக்காகக் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஓட்டும், 25 கிலோவுக்கு மிகாத மாடல் விமானத்துக்கு வகைச் சான்றிதழ் கேட்பதில்லை. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் உங்கள் இடம் பச்சை மண்டலமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பச்சையில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை. மதுரை, திருச்சி விமான நிலையங்கள் இங்கிருந்து தூரம்தான், ஆனாலும் பறக்கும் நாளில் மறுபடி பாருங்கள், மண்டலம் மாறலாம். பயிற்சிக்கு 50 மீட்டர் உயரமே போதும்.

எந்த மாதம், எந்த நேரம்?

காலை ஆறு முதல் எட்டு. வெயில் ஏறியதும் செம்மண் தரையிலிருந்து சூடு எழும்பி விமானத்தைத் தூக்கிப் போடும். பங்குனி, சித்திரையில் புழுதிச் சுழல் பொட்டலில் நடமாடும். ஆடிக்காற்றில் முதல் விமானத்தை எடுக்காதீர்கள். ஹெலி அந்தக் காற்றில் நின்று காட்டும், ஏனென்றால் அதன் ரோட்டார் சுமை அதிகம். லேசான ட்ரெய்னர் பின்னோக்கியே நகரும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்துவிடும். மாசியும் பங்குனி முற்பாதியும் சரியான காலம். மேற்குக் காற்று அடிக்கும் நாளில் குன்றக்குடி, பிள்ளையார்பட்டிக் குன்றுகளின் கிழக்கு ஓரத்தில் காற்று உருண்டு இறங்கும், தள்ளிப் போங்கள்.

சமநிலைப் புள்ளி எங்கே?

இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 25 முதல் 30 சதவீதம். 220 மி.மீ அகலத்துக்கு 55 முதல் 66 மி.மீ. இரண்டு விரல் நுனியில் அந்த இடத்தில் தாங்கினால் மூக்கு மிக லேசாகத் தாழ வேண்டும். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்திச் சரி செய்து, இடத்தை மார்க்கரில் குறித்துவிடுங்கள். ஹெலியில் சற்றுத் தவறினாலும் சைக்ளிக்கில் பிடித்துக்கொள்வீர்கள். விமானத்தில் வால் கனத்தால் எழும்பிய நொடியிலிருந்து மூக்கு மேலே போய்க்கொண்டே இருக்கும், பிடிக்க முடியாது. மூக்கு கனத்தால் சோம்பேறியாகப் பறக்கும், இறங்கும்போது வேகமாக வரும், அவ்வளவே.

முதல் பறப்பை எப்படிச் செய்வது?

டைமரை ஆறு நிமிடத்தில் வையுங்கள். காற்றை எதிர்நோக்கி நிறுத்தி, த்ராட்டிலை மூன்று விநாடி எடுத்து மெல்ல முழுதாக்குங்கள். விமானம் இடப்பக்கம் இழுக்கும். வலது ரட்டர் கொடுங்கள். ஹெலியில் கைரோ பார்த்துக்கொண்டதால் உங்கள் இடது கட்டைவிரல் ரட்டரில் தூங்கிப் பழகியிருக்கும். தானாக எழும்பும் வேகம் வந்ததும் எலிவேட்டரை லேசாகத் தொடுங்கள், செங்குத்தாக ஏற்ற ஆசைப்படாதீர்கள். 30 மீட்டர் ஏறியதும் த்ராட்டிலைப் பாதிக்குக் குறைத்து, கையை விட்டால் நேராகப் போகும்படி ட்ரிம் செய்யுங்கள்.

பிறகு 50 மீட்டரில் ஒருமுறை வேண்டுமென்றே ஸ்டால் செய்து பாருங்கள்: த்ராட்டிலை மூடி, எலிவேட்டரை மெதுவாக இழுத்துக்கொண்டே வாருங்கள், மூக்கோ ஒரு இறக்கையோ விழும் நொடியில் ஸ்டிக்கை முன்னால் விட்டு, வேகம் வந்ததும் த்ராட்டில். இதை நான்கைந்து முறை செய்யுங்கள். இழுப்பதை விடுவதுதான் மீட்பு என்பது உங்கள் கைக்குத் தெரிய வேண்டிய முதல் விஷயம், அது தரையருகே தெரியவந்தால் பயனில்லை.

இறக்கும்போது மட்டும் ஏன் கெட்டுப்போகிறது?

ஹெலிக்காரர் தன் தலைக்கு நேரே, உயரமாக வந்து, அங்கிருந்து கீழே இறக்கப் பார்ப்பார். விமானத்தில் த்ராட்டிலை மூடினாலும் அது விழாது, மிதந்து ஓடுதரையைத் தாண்டிப் போகும். பயந்து எலிவேட்டரை இழுப்பார், ஸ்டால்.

காற்று போகும் திசையிலேயே ஓடுதரைக்கு இணையாக வந்து, 60–80 மீட்டர் தாண்டிப் போய், இரண்டு அகலமான திருப்பத்தில் ஓடுதரைக்கு நேராக வாருங்கள். கடைசித் திருப்பத்தில் ரட்டரைப் போட்டு இழுக்காதீர்கள். இறங்குமுக வேகம் ஸ்டாலைவிட 30 சதவீதம் கூடுதல், அதாவது மணிக்கு 34 கி.மீ போல. உயரம் கூடவோ குறையவோ வந்தால் எலிவேட்டரைத் தொடாமல் த்ராட்டிலால் திருத்துங்கள். தரைக்கு அரை மீட்டர் இருக்கும்போது த்ராட்டிலை மூடி, எலிவேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பிடியுங்கள். நேராக வரவில்லை என்றால் தயங்காமல் த்ராட்டில் ஏற்றி மறுபடி சுற்றுங்கள். பேட்டரியில் அதற்குத்தான் மிச்சம் வைத்தது.

மரத்தில் மாட்டினால்? கம்பியில் மாட்டினால்?

எதில் மாட்டினாலும் முதலில் த்ராட்டில் கட். மரமென்றால் தொரட்டி. மின்கம்பியென்றால் எதையும் நீட்டாதீர்கள், காய்ந்த மூங்கிலும் கூடாது, மின்வாரியத்தைக் கூப்பிடுங்கள்.

செம்மண் விமானத்தைக் கெடுக்குமா?

மோட்டாரைக் கெடுக்கும். இந்த மண்ணில் இரும்புத் துகள் உண்டு, அவுட்ரன்னரின் காந்தம் அதை இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும். மூக்குக் குத்தி விழுந்தால் மோட்டாரைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தால் ஓட்டாமல் கழற்றி, ஒட்டும் டேப்பால் துகளை எடுங்கள். ஊதினால் போகாது. நசுங்கிய ஈ.பி.ஓ மூக்கைக் கொதிநீரில் சில விநாடி காட்டினால் உப்பிப் பழைய வடிவத்துக்கு வரும். முறிந்த இடத்துக்கு ஃபெவிக்விக்.

உதிரியாக என்ன வாங்கி வைக்கலாம்?

ப்ராப் ஐந்து, ப்ராப் அடாப்டர் இரண்டு, 9 கிராம் சர்வோ ஒன்று, முன்சக்கரக் கம்பி ஒன்று, நைலான் திருகு நாலைந்து. இறக்கை ஜோடி தனியாக விற்கும் விமானமாகப் பார்த்து வாங்குங்கள். இங்கே சென்னை, பெங்களூரிலிருந்து கூரியரில்தான் வர வேண்டும், இறக்கைக்காகக் காத்திருந்தால் மாசி போய் ஆடி வந்துவிடும்.